மாப்பிள்ளைச் சவரத்துக்கு வாசித்தவர்

அந்தக் கல்யாணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. யுத்தம் முடிந்த மறு வருஷம். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. பெண் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் மகள். மாப்பிள்ளை பட்டணத்தில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா. அவர்கள் நன்றாக இருக்கட்டும், பெண்ணின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. எங்கள் பக்கத்தில் நாயனம் வாசிப்பவன்தான் கத்தியும் பிடிப்பான். கல்யாணத்தன்று விடிந்ததும் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது அவன்தான், பிறகு தாலி கட்டும்போது வாசிப்பதும் அவன்தான். மாப்பிள்ளைச் சவரம் வெறும் சவரம் இல்லை, சடங்கு. மணையில் உட்காரவைத்து, மேளம் முழங்க, பெண்கள் சுற்றி நின்று கேலி பேச நடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்த வழக்கம் இல்லை. அங்கே நாயனக்காரர் கத்தியைத் தொடமாட்டார். கத்தி பிடிப்பது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பிள்ளைகள் சாப்பிட்டது பெரும்பாலும் கத்தியில்தான், நாயனத்தில் இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை, கோயில் பொய்கைக் கரையில் மொட்டை போட உட்கார்ந்திருந்தேன். வேண்டுதலுக்கு வந்த ஒரு கிழவர் என் முன்னால் வந்து குந்தினார். பக்கத்தில் துணி உறை போட்ட நாயனம். முன்பல் இரண்டு இல்லை. குடுமியை அவிழ்த்துத் தண்ணீர் தெளிக்கும்போது முகத்தைப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் காஞ்சிபுரம் கருடசேவைக்கு நடந்தே போனேன், இவர் வாசிப்பைக் கேட்க. விடியற்காலையில் தெருவில் கால் வைக்க இடமில்லை. மரத்தில், கூரையில், தேர்முட்டியில் எல்லாம் ஆட்கள். அன்றைக்கு மூன்று மணி நேரம் ஒரே தோடி. ஒரு குழந்தைகூட அழவில்லை. கிராமபோன் பிளேட் கொடுத்தார், வீட்டுக்கு வீடு வைத்தார்கள். இவர் ரயிலில் போகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷனில் மாலையோடு காத்திருந்தார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

“ஐயா, நீங்களா?” என்றேன்.

“என்னைத் தெரியுதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நானே அவர் குடுமியை எடுத்தேன். எடுக்கும்போதே சொல்லிவிட்டார், மூன்று வருஷமாக யாரும் கூப்பிடவில்லை என்று. பல் போனபிறகு நாயனத்தின் சீவாளி வாயில் நிற்கவில்லையாம். பழகிப் பழகி இப்போது மறுபடியும் நிற்கிறதாம். நாயனத்தைச் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டுப் போக வந்திருக்கிறார். “இன்னும் ஒரு தடவை சபையில வாசிச்சுட்டா போதும் தம்பி. நான்தான் வாசிக்கிறேன்னு நாலு பேருக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

“நாளைக்கு இங்க ஒரு கல்யாணம் இருக்குது. எனக்குப் பதிலா நீங்க வாசிங்கய்யா. நான் ஒத்து ஊதறேன்” என்றேன்.

“உங்க ஊருல என்னை யாருக்குத் தெரியும்?”

“இன்னா ஐயா இப்டி கேட்டுட்டீங்க? ஊரே தெரியும்.”

நாக்கூசாமல் சொன்னேன். பெண்ணின் தகப்பனாரிடமும் போய், எனக்குப் பதில் பெரிய வித்வான் ஒருவர் வாசிப்பார் என்று மட்டும் சொன்னேன். அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த அந்த மனுஷர், “ஆங், யாரோ ஒருத்தர் வாசிச்சா சரி” என்றார். பெயரை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. முதல் பிடி காதில் விழுந்ததும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்பார்கள், அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மறுநாள் சத்திரத்துக்குப் போனால் வாசலிலேயே சவுண்டு செட். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலு பேர் பட்டணத்திலிருந்து பாட்டரியோடு கொண்டுவந்திருந்தார்கள். வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி சினிமாப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, வெள்ளை வேட்டியில், உறையைப் பிரித்துச் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தம்பி தவிலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நாலு பேரில் ஒருவன், சுருட்டை முடிக்காரன், ஒரு கிண்ணியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து ஐயா முன்னால் டக்கென்று வைத்தான்.

“இன்னா பெரியவரே, ஊதிகினே குந்திட்டா எப்டி? மாப்ள காத்துகினு கீறாரு. சவரத்த முடி.”

என் தம்பியின் கை தவில் வாரிலேயே நின்றது. ஐயா கிண்ணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எந்த வாயில் சீவாளி வைத்து ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டாரோ அந்த மனுஷர் முன்னால் சோப்புத் தண்ணீர்! இவர் இன்னார் என்று அவன் காதைத் திருகிச் சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் ஒரு வீம்பு வந்து வாயை அடைத்தது. இவரைப் போய்ப் பேர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இவர் முகம் தெரியாத தடியன்களுக்கு வாசிப்பாவது தெரியட்டும். கேட்டுவிட்டுத் தானாக வந்து காலில் விழட்டும்.

“சவரம் நான் செய்றேன். அவரு வாசிப்பாரு” என்று மட்டும் சொல்லிக் கிண்ணியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்தேன். சவுண்டு செட்டில் ஒரு பாட்டு முடிந்த சமயம் ஐயா தோடியை எடுத்தார். முதலில் கொஞ்சம் காற்று பிசகியது, பல் இல்லாத இடத்தில். பிறகு பிடித்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் கேட்ட அதே தோடி. என் கண் கலங்கியது. சுற்றிலும் பார்த்தேன். பெண்கள் மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். சுருட்டை முடிக்காரன் கொட்டாவி விட்டான். வயசானவர்கள் எல்லாம் கொல்லைப்பக்கம் சமையலில் இருந்தார்கள்.

“டேய், நம்ம பாட்ட போடுடா” என்று மாப்பிள்ளை திரும்பினார்.

கத்தியைத் தொண்டையில் வைத்தேன். “அசையாதீங்க. பேசவும் கூடாது. கத்தி புதுசா தீட்டினது. அந்த சத்தத்துல கை ஆடிச்சின்னா நான் பொறுப்பு இல்ல.”

மாப்பிள்ளை கையை மட்டும் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். சவுண்டு செட் மறுபடி பாடவில்லை. பிறகு நான் செய்த சவரத்தைப் போல் என் ஆயுசில் செய்ததில்லை. ஒரு கன்னத்துக்குக் கால் மணி நேரம். சோப்பு காய்ந்தால் மறுபடி போட்டேன். காய்ந்தது, மறுபடி போட்டேன். ராகம் முடிகிறவரை விடுவதாக இல்லை. பெண்கள் கேலி பேசி அலுத்து உள்ளே போய்விட்டார்கள். நான் செய்தது அயோக்கியத்தனம்தான். அதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஐயா முடித்தார். மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் வயிறு குளிரும்படி நேராக அவரிடம் போனார். வந்துவிட்டது வேளை என்று நினைத்தேன்.

“நல்லா வாசிக்கிறீங்க பெரியவரே. எந்த ஊரு?”

ஐயா ஊரைச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“இங்கயே கெடந்து இன்னா பண்றது? சினிமா பக்கம் வந்திருந்தா பேரு வாங்கியிருக்கலாம்” என்றார் மாப்பிள்ளை. வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும் தட்டில் வைத்து நீட்டினார். எங்கள் வழக்கப்படி அது கத்தி பிடித்தவனுக்கு உள்ள முறை. ஐயா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் கத்தியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகப் பேசியிருப்பேன்.

அதற்குப்பின் கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் வேப்பமரம்தான் பாடியது.

சாயங்காலம் அரக்கோணம் வண்டிக்கு அவரைக் கூட்டிப்போனேன். வழிநெடுக அந்தப் பயல்களைத் திட்டினேன். காது இல்லாத ஜென்மங்கள் என்றேன், ஞானசூன்யங்கள் என்றேன். பிளாட்பாரத்தில் நின்றதும் அவர் கேட்டார்.

“தம்பி, அந்தப் பிள்ளை எந்த ஊருன்னு கேட்டப்ப நீ ஏன் என் பேரைச் சொல்லலே?”

“சொல்லித்தான் தெரியணுமாய்யா? அந்தத் தோடியக் கேட்டுமா தெரியல?”

“அவனுக்கு எப்படிய்யா தெரியும்? நான் கொடிகட்டிப் பறந்தப்ப அவன் தொட்டில்ல கிடந்திருப்பான். நானே என் பேரைச் சொல்லிக்க முடியுமா? ரெண்டு தடவை உன்னைப் பார்த்தேனே. இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டி வந்தது. மூன்றாம் வகுப்பில் கூட்டம். எப்படியோ ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக நாயனத்தைக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, அவர் பெயரை, ஊரோடும் பட்டத்தோடும் முழுசாக, தொண்டை கிழிய அந்தப் பெட்டிக்குள் கத்தினேன். பெட்டி நிறைய ஆட்கள். அந்தப் பேரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.