ஓர்ப்படி கையில் என் ஷட்டில் பேட்

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பக்கத்து அறையில், போன வருஷம் ஊர்க்காரர்கள் சேர்ந்து விளையாட்டுச் சாமான்களைப் பொதுவில் வைத்தார்கள். வாலிபால், நெட், கிரிக்கெட் செட், இரண்டு சைக்கிள். வாங்க முடியாதவர்களும் எடுத்துப் போய் ஆடலாம். இருட்டுவதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். நானும் பரண்மேல் கிடந்த என் ஷட்டில் பேட்டைக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால், வில்லியனூரில் வேலைக்குப் போனபோது ஆசை ஆசையாக வாங்கியது.

சர்க்கரை இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு சாயங்காலம் அங்கே போனேன். அறைச் சாவியை வைத்திருக்கும் தையல்கார அக்கா, "உன் பேட்ட எடுத்துட்டாங்களேம்மா. வேற ஒண்ணு தரட்டா?" என்றார்.

கோயில் மைதானத்தைப் பார்த்தேன். அதை வைத்து ஆடிக்கொண்டிருந்தவர் என் ஓர்ப்படி, என் கணவரின் அண்ணன் மனைவி.

வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு எகிறி எகிறி அடித்தார். அவருக்கு ஆடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பேட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போலவும் இருந்தது. கொடுத்துவிட்ட பொருளை என்னுடையது என்று எந்த வாயால் கேட்பது?

எதிரில் ஆடிய பெண், மாட்டைக் கறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். ஓர்ப்படி என் பக்கம் திரும்பினார்.

"இன்னா, ஆடுறியா?"

வேறு யாரையோ கேட்கிறார் என்று பின்னால் பார்த்தேன். யாருமில்லை.

"உன்னத்தான்டி. வா."

ஆடினேன். தோற்றேன். "கைய மடக்காத, நீட்டி அடி" என்று என் பேட்டை வைத்தே எனக்கு அடித்துக் காட்டினார். அது என்னுடையது என்று அவருக்குத் தெரியுமா? கேட்கத் தைரியம் வரவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை குழாயடியில் "அக்கா" என்று கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனவர் நின்று, உள்ளே பார்க்காமலே, "வரியா இல்லியா? வெளிச்சம் போவுது" என்றார்.

போனேன். இப்போதும் போகிறேன். மைதானத்தில் என்னை வாடி போடி என்று திட்டுகிறார், தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார், முட்டி வலிக்கிறதா என்று கேட்கிறார். திரும்பும்போது மட்டும் விறுவிறுவென்று முன்னால் தனியாக நடந்துவிடுகிறார்.

"சமாதானம் ஆயிட்டீங்களா?" என்று கணவர் கேட்டார்.

"ஷட்டில் ஆடுறோம்" என்றேன்.