அத்தானின் ஸ்கூட்டர் விழித்த காலை

ஸ்பார்க் பிளக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாம்பலத்தில் அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே, சிமெண்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் அத்தான். முகர்ந்தபின் பிளக்கின் நுனியை நகத்தால் சுரண்டி, பனியன் ஓரத்தில் துடைத்தார். "ஈரம் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. அவருக்குப் பார்வை முழுதாகப் போய் அப்போது ஒரு வருஷம் இருக்கும்.

அத்தான் பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருப்பவர். அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில்தான் துணி மூட்டைகளோடு ஊரெல்லாம் சுற்றினார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இரண்டு கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆட்டோவில் வந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகாமல் நேராக ஸ்கூட்டரிடம் போனார். டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்தார். மிச்சம் மீதி தீர்ந்து தானே நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். பிளக் துளையில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி உள்ளெல்லாம் பரவவிட்டார். எலி புகாமல் சைலன்சர் வாயில் துணியை அடைத்தார். டயர் தரையில் படாதபடி செங்கல் வைத்தார். நான் பிளாஸ்டிக் உறை வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "அதுக்குள்ள வேர்க்கும், துரு ஏறிடும்" என்று தன் பழைய வேட்டியைப் போர்த்தினார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேட்டியை விலக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மறுபடி போர்த்துவார்.

ஆறுகிற புண்ணை அவர் தினம் கீறிக்கொள்வதாக எனக்குப் பட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரைச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரவழைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நம்பினேன்.

வந்தவர் வேட்டியை விலக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா சார், ரெண்டு வருஷமா நின்னுக்கினு கீதா? இன்ஜின் ஜாம் ஆயிருக்கும். ஸ்பேருக்கு வேணா எடுத்துக்கறேன்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். பள்ளியில் வேலை பார்ப்பதால் என்னை அவர் அழைப்பதே டீச்சர் என்றுதான். "நீதான் வரச் சொன்னியா டீச்சர்?"

"ஆமா அத்தான். சும்மா நிக்குதேன்னு..."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். "சரி, புதுசா ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கிட்டு வா" என்றார்.

நான் திரும்பி வந்தபோதுதான் பிளக்கை முகர்ந்துகொண்டிருந்தார். ஆயிலை அளக்கும் மூடிக்குள் விரல் நுனியை விட்டு மட்டம் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெட்ரோலை ஊற்றி, பிளக்கை மாட்டி, சைலன்சர் துணியை உருவினார், வண்டியைச் சாய்த்தார், உதைத்தார். ஒன்றுமில்லை. மூன்று உதைக்குப் பிறகு வந்தவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அத்தான் குனிந்து கார்புரேட்டரில் காதை வைத்தார். "பெட்ரோல் இன்னும் இறங்கல" என்று காத்திருந்தார். அடுத்த உதையில் வண்டி இருமியது. அதற்கடுத்த உதையில் நீலப் புகை மாடிப்படி முழுக்க நிறைந்தது. இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியைத் திருப்பினார். தடதடப்பு மெல்ல மெல்லச் சீராகி ஒரே தாளத்தில் நின்றது.

"நைனா! இன்னா கை சார் உன்னுது!" என்று வந்தவர் கத்தினார். "குடுத்துடு சார். பிரிக்க மாட்டேன், நானே வச்சு ஓட்டறேன்."

அத்தான் ஹேண்டில்பாரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "ஓடறப்பவே குடுத்துடறதுதான் மரியாதை" என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு இறங்கி வந்த அக்கா, "குடுக்க வேண்டாம். நான் ஓட்டறேன்" என்றாள். அவள் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. வயது நாற்பத்தாறு.

"உனக்குக் கியர் போட வருமா?"

"பின்னால உக்காந்து நீங்க சொல்லுங்க."

விடிகாலைகளில் எங்கள் பள்ளி மைதானத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை விழுந்தாள். லைசென்ஸ் எடுத்தாள். இன்றைக்கும் கடைக்கு அதில்தான் போகிறார்கள். ஓட்டுவது அவள், கேட்பது அவர். எந்த மெக்கானிக்குக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரிகிறது, அதற்கு என்ன வேண்டும் என்று.

போன வாரம் மயிலாப்பூர் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஹார்ன் இரைச்சலுக்கு நடுவே இருவரும் கடந்துபோனார்கள். "அக்கா!" என்று ஒருமுறைதான் கூப்பிட்டேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் கண் சாலையிலேயே இருந்தது. அத்தான் மட்டும் தலையைத் திருப்பினார். அந்தக் கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகப் பார்த்துக் கையை உயர்த்தி, "வரேன் டீச்சர்!" என்றார்.