குளக்கரையில் ஒரு வீடியோ கால்

மார்கழிக் குளிரில் கோயம்புத்தூரைச் சுற்றிப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் போயிருந்தோம். மாலையில் உக்கடம் குளக்கரையில் வண்ண விளக்குகள் எரியத் தொடங்கியபோது அவரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். வேட்டி, குரங்குக் குல்லா. கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடந்தவர், நாலடிக்கு ஒருமுறை நின்று, "அம்மணி, தண்ணியில லைட்டு தெரியுதா பாரு" என்பார்.

திரையில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார்.

நாங்கள் பார்ப்பதைக் கவனித்து, "ஊட்டுக்காரியுங்க. இந்த ஊருக்கு எத்தனையோ தடவ வந்துட்டோம், ஆஸ்பத்திரியத் தவிர ஒண்ணும் பாக்கலை. நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"குணமாயிருச்சுங்களா?" என்று நண்பன் மகிழ்ச்சியோடு கேட்டான்.

அவர் கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "இல்ல கண்ணு. இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க. அவளுக்குத் தெரியாது. கோடையில நேர்ல வந்து பாக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

நெஞ்சோடு இருந்த கைபேசியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "கேட்டுச்சுங்க. பரவால்லீங்க. குளுருது, வந்துருங்க."

அவர் திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் குளத்தை நோக்கி அதை நீட்டி, விளக்குகளைக் காட்டிக்கொண்டு நின்றார். அதன்பின் அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் எப்படி நுழைந்திருப்பார் என்பதை என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.