முடிக்கத் தெரியாத பாட்டு

பள்ளி இசைப் போட்டிக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் பாடகி குழுவை விட்டுப் போனாள். "சுருதி சேர்க்கத் தெரிஞ்சவங்களோட பாடப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள். மிச்சம் மூன்று பேர்: கீபோர்டில் நான், கிட்டாரில் என் சித்தப்பா மகன், டிரம்ஸில் இடி.

இடிக்கு அப்போது பதினாறு வயது. வகுப்பில் பெஞ்சைத் தட்டித் தட்டியே வாங்கிய பெயர் அது.

"போறவ போகட்டும். எனக்குத் தொண்டை இல்லையா?" என்றாள்.

"தொண்டை இருக்கு. குரல்தான் இல்ல" என்றான் சித்தப்பா மகன். டிரம்ஸ் குச்சி ஒன்று அவனை நோக்கிப் பறந்தது.

அவள் அம்மாவின் தையல் கடைக்கு மேலே, துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் ஒத்திகை. கீழே யாராவது அளவு கொடுக்க வந்ததும் அம்மா மரக்கோலால் சீலிங்கைக் குத்துவார்; நாங்கள் அப்படியே நிறுத்திவிடுவோம். எந்தப் பாட்டிலும் மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜெயிச்சா டிரம்ஸ் இருக்கட்டும். இல்லேன்னா வித்துட்டு அங்க இன்னொரு மெஷின் போடப் போறேன்."

மேடையில் மூன்று நிமிடம் ஒழுங்காகப் போனது. இடி பாடினாள் என்று சொல்ல முடியாது, அதட்டினாள். முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, பாட்டை எப்படி முடிப்பதென்று யாருக்குமே தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். நடுவர் மணி அடித்தார். மூன்றாவது சுற்றில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். கீபோர்டும் கிட்டாரும் அடங்கின. டிரம்ஸுக்கு எதற்கு மின்சாரம்? பதினோராவது நிமிடத்தில் குச்சி உடையும் வரை அவள் விடவில்லை. போட்டியிலிருந்தே எங்களை நீக்கினார்கள்.

மறுவாரம் டிரம்ஸைப் பார்க்க ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். இடி மறிக்கவில்லை, அழவில்லை.

"உங்க வீடு எங்க அங்கிள்?"

"ஏம்மா?"

"தினமும் நாலு மணிக்கு வந்து வாசிச்சுட்டுப் போவேன். காபியெல்லாம் வேணாம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைன்னா காலையிலேயே வந்துடுவேன்."

மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர் போனவர்தான். அடுத்து வந்தவரும் அப்படியே.

அம்மா குண்டூசியைப் பல்லிடுக்கில் கடித்தபடி சொன்னார்: "சரி, மெஷின கீழயே ஓரமாப் போட்டுக்கறேன். ஆனா அதுல நீதான் உக்காரணும்."

"காலையில உக்காருறேன். நாலு மணிக்கு மேல கூப்பிடாதீங்கம்மா."

சொன்னபடியே செய்தாள். பள்ளி முடித்து நான் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிய பிறகும் அவள் காலையில் சட்டைக்குக் காலர் வைத்தாள், மாலையில் டிரம்ஸ் வாசித்தாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது:

"அம்மா கடைய எங்கிட்ட விட்டுட்டாங்க. போர்டுல 'தையல் கடை'க்குக் கீழ 'டிரம்ஸ் சொல்லித் தரப்படும்'னு எழுதிட்டேன். முதல் நாளே மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பேரு, சத்தத்த நிறுத்தச் சொல்ல. ஒருத்தி, கத்துக்க."