ஏரிக்கரையில் ஒரு இன்சிடென்ட்

1. மரக்கன்றுக்குப் பதிலாக

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு என்று ஆட்களை நச்சரிப்பதுதான் வேலை. சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நடுவதும் என் தலையில்தான் விழும்.

ஒரு வருடம் பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். தினமும் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர். தமிழில் கன்னடம் கலந்துதான் பேசுவார்.

"மரக்கன்னு பேடா சார், வேணாம் இந்தத் தடவை. போன வருஷம் நட்டத ஆடு தின்னுடுச்சு. நம்ம ஆளுங்கள சைக்கிள்ல கூட்டிட்டுப் போங்க. பெட்ரோல் இல்ல, புகை இல்ல, உடம்புக்கும் நல்லது. ஃபோட்டோவும் நல்லா வரும்."

ஜூனில் நடத்த வேண்டியது. ப்ரொடக்‌ஷன் பிரஷர் என்று தள்ளித் தள்ளி டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் சாத்தூர்க்காரன். வெயிலில் வளர்ந்தவன். ஓசூர்க் குளிருக்கு இத்தனை வருடத்திலும் உடம்பு பழகவில்லை. அன்று காலை கேட்டிலிருந்து ராயக்கோட்டை ரோட்டில் கிளம்பியபோது முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதற்கும் முன்னால் எல்லாம் பனி. எல்லோருக்கும் பிளாஸ்டிக் எண் அட்டை குத்திய வெள்ளை டீ-ஷர்ட் கொடுத்திருந்தோம். ஆட்கள் பனியிலிருந்து உருவாகி வந்து மறுபடி பனியாகிப் போவதுபோல் இருந்தது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய மனிதர்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டங்களும் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்களும் மெல்ல மெல்ல வந்து விலகின. கேன்டீன் சூப்பர்வைசர் இரண்டு கையையும் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். மற்ற நாளாக இருந்தால் பிடித்து ரிப்போர்ட் எழுதியிருப்பேன். அன்று பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

உத்தனப்பள்ளிக்கு முன்னால் ஒரு ஏரிக்கரையில் இறங்கினோம். வாழைப்பழம், பிஸ்கட், பேப்பர் கப்பில் தண்ணீர். தண்ணீருக்கு மேல் பனி அசையாமல் நின்றது. உலகத்துக்கு நல்லது ஒன்றைச் செய்துவிட்டோம் என்று மனம் லேசாகிவிட்டது. குப்பையை அள்ளிப் போக ஒரு டெம்போ சொல்லியிருந்தேன். களைத்துப்போனவர்கள் தங்கள் சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குப்பையை ஒரு ஓரமாகக் குவித்துவைத்துவிட்டு, நாளைக்கு ஆள் அனுப்பலாம் என்று நானும் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை ஆடிட். மறந்தே போனேன்.

2. ராஜம்மாவின் மாடு

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து முனிராஜ் என் டேபிள் முன் வந்து நின்றான். பிரஸ் ஆபரேட்டர். அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"சார், நீங்க எல்லாம் வந்துட்டுப் போனீங்க இல்ல, ஏரிக்கு? எங்க அக்கா மாடு கவர் தின்னுட்டு ரெண்டு நாளா அசை போடல சார். வயிறு உப்பிப்போச்சு. இன்னிக்கு டாக்டர் வந்து ஆபரேசன் பண்றாரு. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் பைக்கிலேயே உட்கார்ந்து போனேன். மாடு நின்றபடியே இருந்தது. இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, அறுத்து, டாக்டர் தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். முடிச்சு முடிச்சாகக் கவர்கள், கயிறு, துணி. பழைய நாற்றம். கடைசியாக வாழைப்பழத் தோலோடு சுருண்டு வந்ததில் எங்கள் பிஸ்கட் கவர்களும், டீ-ஷர்ட்டில் குத்தியிருந்த எண் அட்டைகள் இரண்டும் இருந்தன. எண்கள் அழியவே இல்லை.

டாக்டரிடம், "எல்லாம் எங்களதா சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

"எல்லாம் இல்ல. வருசக்கணக்கா சேந்தது. ஆனா வழிய அடைச்சது இதுதான்" என்று அந்த அட்டைகளைக் காட்டிவிட்டுத் தையல் போட ஆரம்பித்தார்.

முனிராஜின் அக்கா ராஜம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதன் காதில் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கும் தயாராகத்தான் போனேன். அவள் தமிழுக்கு மாறி, மெதுவாகச் சொன்னாள்.

"தப்பு என்னுதும்தான் சார். இத நான் இந்தப் பக்கம் விடவே மாட்டேன். அன்னிக்கு நீங்க எல்லாம் திரும்பிப் போனீங்களே, பனியில வெள்ள வெள்ளையா, கொக்குக் கூட்டமாட்டம் சத்தமே இல்லாம. அவ்ளோ அழகா இருந்துச்சு. கண்ணு மறையற வரைக்கும் அப்படியே நின்னு பாத்துட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா மாடு குப்பையில நிக்குது."

அந்தக் காலையின் அழகு எங்களுக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடு பிழைத்தது. பழையபடி மேய வெகுநாள் ஆனது.

3. ஃபார்ம்

அடுத்த நாள் விடிந்ததும் நானும் முனிராஜும் இன்னும் நான்கு பேரும் போய் ஏரிக்கரையைச் சுத்தம் செய்தோம். கப்புகள் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்து, ஊறி, கரையோரம் வெள்ளைத் தோலாகப் படிந்திருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தோம்.

பிறகு ஆபீசுக்கு வந்து, ஆலையில் யாருக்காவது அடிபட்டால் நிரப்பும் இன்சிடென்ட் ரிப்போர்ட் ஃபார்மை எடுத்தேன். பாதிக்கப்பட்டவர்: பசு, ஒன்று. இடம்: ஏரிக்கரை. ரூட் காஸ், அதாவது மூல காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

பிளான்ட் ஹெட் இரண்டு முறை படித்தார். "ஹெட் ஆபீஸ்ல நம்ம ஃபோட்டோவ எல்லாரும் பாராட்டிட்டிருக்காங்க. இத நான் மேல அனுப்பணுமா?"

"அடிபட்டா மறைக்கக் கூடாதுன்னு நாமதான் சார் தினம் ஷாப் ஃப்ளோர்ல சொல்றோம். நான் மறைச்சா நாளைக்கு ஒருத்தன் விரல் போனாலும் சொல்ல மாட்டான்."

அவர் ஃபார்மை மேஜைமேல் வைத்தார். எனக்கு மெமோ வரும் என்றுதான் நினைத்தேன். "மாடு ஹேகிதே? எப்படி இருக்கு இப்ப?" என்று கேட்டார். பிழைத்துவிட்டது, மேயத்தான் நாளாகும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் டீ-ஷர்ட் இல்லை, எண் அட்டை இல்லை, கப் இல்லை. அவரவர் பாட்டிலில் அவரவர் தண்ணீர். பாதிப் பேர்தான் வந்தார்கள். கரையில் கிடந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் பொறுக்கி, மூட்டையாகக் கட்டி, கேரியரில் வைத்துக்கொண்டு வந்தோம். ஃபோட்டோ சுமாராகத்தான் இருந்தது. ஆனால் அன்று வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் மறுநாளே சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள். நிறுத்த இடமில்லாமல் கேட்டோரம் சாய்த்து வைத்தார்கள். பிளான்ட் ஹெட் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு ஷெட் போடச் சொன்னார்.

இப்போது இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். நிகழ்ச்சித் திட்டம் எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேருங்கள்: மறுநாள் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது யார்? அந்த வரியில் பெயர் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் திட்டத்தில் நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் என்னுடையதுதான். ஒவ்வொரு வருடமும் மறுநாள் விடியலில் தனியாக மிதித்துக்கொண்டு போவேன். கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு சுற்று நடப்பேன். புல், ஈரம், நாரையின் கால்தடம். நாங்கள் வந்துபோனதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. அதைப் பார்க்கத்தான் போவேன்.