அஞ்சலை அக்கா பிறந்த வெள்ளம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் குடிகாட்டைத் தொட்டதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். சென்ற மாதம் என் அண்ணன் மகளும் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்த ரசாயன நெடி வந்தால் பசிக்கும். சிரிக்காதீர்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் சில வருஷம் வேலை பார்த்தேன். கேன்டீனில் அஞ்சலை அக்கா வைக்கும் சாம்பார் வாசனை அந்த நெடியோடு கலந்துதான் என்னிடம் வந்து சேரும்.

அண்ணன் மகளைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சேர்க்கப் போய்க்கொண்டிருந்தோம். “அத்த, இத படிச்சா என்ன வேல கெடைக்கும்?” என்று வழியெல்லாம் கேட்டாள். எனக்குப் பழகிய கேள்விதான். 2004இல் நான் அதே இடத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது, “செத்துப்போன ராஜாவுக்குக் கணக்கு எழுதப் போறியா?” என்றார் என் மாமா. படிப்பு முடிந்ததும் யார் யாரிடமோ சொல்லிவைத்து, குடிகாட்டில் டைம் ஆபீஸ் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆட்கள் வருகிற நேரம், போகிற நேரம் குறிக்க வேண்டும். சோழர்களுக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன்.

அஞ்சலை அக்கா குமராட்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, குடிகாட்டுக்கு வாழ வந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள் சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்று கேட்பார், நாம் வாயைத் திறப்பதற்குள் போட்டும் விடுவார்.

2008 வாக்கில், ஐம்பத்தெட்டு வயது தாண்டியவர்களை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அஞ்சலை அக்காவிடம் ரேஷன் கார்டில் ஒரு வயது, ஓட்டு அட்டையில் ஒரு வயது. இரண்டுமே யாரோ முகத்தைப் பார்த்துப் போட்டவை. மேனேஜர் நேராகவே கேட்டார்.

“எப்பம்மா பொறந்த?”

“வெள்ளம் வந்த வருஷம் சார். அப்ப நான் கைக்கொழந்தையாம்.”

மேனேஜர் கீரப்பாளையத்துக்காரர். வெள்ளம் என்றால் அவருக்கு ஒரே வெள்ளம்தான், அவர் அப்பா மாடுகளைப் பறிகொடுத்த வெள்ளம். அதை வைத்துக் கணக்குப் போட்டார். ஐம்பத்தெட்டு தாண்டிவிட்டது. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது. அன்றைக்கும் அஞ்சலை அக்கா எனக்குச் சோறு போட்டார். “புள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கும்மா” என்றார். 

எம்.ஏ.வில் எங்களை ஊர் ஊராகப் பழங்கதை கேட்டுவர அனுப்புவார்கள். நான் போனதில் பாதி, அந்த வீடுகளில் கிடைக்கும் சாப்பாட்டுக்காக. ஆனாலும் ஒன்று பிடிபட்டது. ‘எப்போ?’ என்றால் யாருக்கும் தெரியாது. ‘அப்போ அங்க என்ன இருந்துச்சு?’ என்றால் கண் முன்னால் பார்ப்பதுபோலச் சொல்வார்கள். அதையும் ஆளாளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் வெள்ளம் உண்டு என்பதும் அப்படி அலைந்து தெரிந்துகொண்டதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அக்காவோடு மினிபஸ் ஏறி அவர் பிறந்த ஊருக்குப் போனேன். அவருடைய அண்ணனைத் தனியாக உட்காரவைத்து, வெள்ளத்தில் எங்கே போய் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

“எந்த வெள்ளம்? மொத வெள்ளத்துல கோயில் மதில்மேல நின்னோம். ரெண்டாவதுல பள்ளிக்கூட மாடி. தங்கச்சிய நான்தான் தூக்கிட்டு ஏறுனேன்.”

அடுத்த தெருவில் ஒரு அம்மாளிடம் அஞ்சலை பேரை மட்டும் சொன்னேன். “அதுவா? பள்ளிக்கூடத்து மாடி ஜன்னல் கம்பியில தூளி கட்டிப் போட்டோமே! ராத்திரி பூரா அழுதுச்சு” என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாசல் சுவரில் திறப்பு விழாக் கல். மேனேஜர் கணக்கில் வைத்த வெள்ளம் வடிந்து பல வருஷம் கழித்துத்தான் அந்தக் கட்டடமே எழும்பியிருக்கிறது. எனக்குக் கோயில் கல்வெட்டு ஒழுங்காகப் படிக்க வராது. இந்தக் கல்லில் இருந்த வருஷத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். அக்கா கைக்குழந்தையாக இருந்தது அதற்கப்புறம் வந்த இரண்டாவது வெள்ளத்தில்தான்.

நான் சொன்னதைக் கேட்டு, மேனேஜர் அதற்கு அடுத்த ஞாயிறு அந்த ஊருக்குத் தானே போனார். கல்லில் படிந்திருந்த மண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாராம். திங்கட்கிழமை கேன்டீனுக்கு வந்து, “அம்மா, ஒனக்குப் பத்து வயசு கொறஞ்சிபோச்சு. சாம்பார ஊத்து” என்றார். அஞ்சலை அக்கா கரண்டியோடு நின்று அழுதார்.

2012இல் நான் அந்த வேலையை விட்டேன். அப்புறம் பார்த்த வேலைகளிலும் தனித்தனியாகக் கேட்கிற அந்தப் பழக்கம்தான் எனக்குச் சோறு போட்டது. இதையெல்லாம் பஸ்ஸில் அண்ணன் மகளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். கல் எந்தப் பள்ளத்தை மேடாக்கப் போனதோ. அஞ்சலை அக்காவின் அண்ணனும் இல்லை, தூளி கட்டிய அந்த அம்மாளும் இல்லை. இப்போது பிள்ளை பிறந்ததுமே சான்றிதழ் வந்துவிடுகிறது. வெள்ளத்தைச் சொல்லி வயது சொல்ல ஆளில்லை. போன வருஷம் அஞ்சலை அக்காவும் போய்விட்டார். அன்று காலையில் அவர் மகள் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். தோற்றம்னு என்ன வருஷம் போடறதுன்னு தெரியல. ஒங்களுக்குத்தான் தெரியும்.”

வருஷத்தைச் சொன்னேன். எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துக்காட்டச் சொன்னேன்.