ஐஸ் பக்கட் வீட்டுக்கு வந்த ஐஸ்கிரீம் மெசின்

பெண் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள், வட்டிலப்பம் கொண்டுவருவார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் ஒரு மெசினைக் கொண்டுவந்தார்கள். வேனின் முன் ஆசனத்தில் மாப்பிள்ளையின் தாய் இருந்தார். அவர் மடியில், துவாயால் சுற்றிய கைக்குழந்தை மாதிரி, அது இருந்தது. நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த நிமிடத்திலேயே எனக்கு அந்த மனுசியைப் பிடிக்கவில்லை. அந்த அபிப்பிராயத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ள அவரும் எனக்கு இடம் தந்ததில்லை.

அது கேக்குக்கு மா அடிக்கிற மெசின். நல்ல சிவப்பு நிறம். கத்தாரில் வேலை செய்யும் மூத்த மகன் அனுப்பியது. அதோடு தடித்த ஒரு கிண்ணமும் தனியாக வந்திருந்தது. அந்தக் கிண்ணத்தை மாட்டினால் வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்யலாமாம். கற்பிட்டியில் அவர்களுடைய ஹோலில், கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில், லேஸ் துணி போர்த்தி அதை வைத்திருக்கிறார்கள் என்று மாமா முன்னமே வந்து சொல்லியிருந்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. இந்தச் சம்பந்தம் அவர் பேசிக்கொண்டு வந்தது. குசினியில் இருக்கவேண்டிய சாமானை ஹோலில் வைக்கிற வீட்டில் குசினி எந்த இலட்சணத்தில் இருக்கும் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும் என்றார் மாமா.

எங்கள் வீட்டுக்கு மெசின் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் ஐஸ் பக்கட் விற்கிற வீடு.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். பிறகு பல வருடம் கிடுகுக் கொட்டில். அதன் பிறகு ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் பாதி பூசிய இந்த வீடு. வாப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார். மழை பெய்தால் உப்பும் இல்லை, கூலியும் இல்லை. உம்மா ஒரு பழைய பிரிட்ஜை வாங்கினார். அதன் கதவு தானாக மூடாது, சைக்கிள் டியூப் வெட்டி இழுத்துக் கட்ட வேண்டும். அந்தப் பிரிட்ஜில்தான் பால்மாவும் சீனியும் சோளமாக் கூழும் ரோஸ் கலரும் சேர்த்து, நீட்டுப் பொலித்தீன் பைகளில் ஊற்றி முடிச்சுப்போட்டு உறையவைத்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு விற்றார். என் சப்பாத்தும் கொப்பியும் அதிலிருந்து வந்தன. நான் உயர்தரம் படித்ததும், நேர்சரிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனதும் அதனால்தான். யுத்தம் முடிந்து ஊர்க்காரர் மன்னாருக்குத் திரும்புவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது, உம்மா முதலில் கேட்டது அங்கே கரண்ட் வந்துவிட்டதா என்பதைத்தான்.

அப்படிப்பட்ட உம்மா, பெண் பார்க்க வருகிற அன்று காலை, ‘ஐஸ் பக்கட் உண்டு’ என்று நான் எழுதிக்கொடுத்த மட்டையைக் கேட்டிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். திருட்டுச் சாமான் விற்றவர்கள்கூட இப்படி ஒளித்திருக்க மாட்டார்கள்.

வந்தவர்கள் இருந்தார்கள், சர்பத் குடித்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை புத்தளத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சீமெந்துத் தரையைப் பார்த்தார். அவருக்கும் சேர்த்துத் தாய் கதைத்தார். தாங்கள் சீதனம், கைக்கூலி வாங்குகிற ஆட்கள் இல்லை என்றார். சர்பத் முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னார். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் வந்து இருப்பார் என்பதால், வீட்டின் மற்றப் பாதியை எப்போது பூசுவீர்கள் என்று மட்டும் கேட்டார். அது கைக்கூலியில் சேராது போலும்.

பிறகு மெசினை அவிழ்த்தார்.

“எங்கட மகன் கடை ஐஸ்கிரீம வாயில வைக்க மாட்டார். புள்ளைக்கும் பழக்கிக் காட்டத்தான் கொண்டுவந்த” என்றார்.

“மாஷா அல்லாஹ்” என்றார் மாமா. அந்த வேளை மெசின் இன்னும் பிளக்கில்கூட மாட்டப்படவில்லை.

அந்தக் கிண்ணத்தின் சுவருக்குள் ஏதோ ஒரு தண்ணீர் இருக்கிறது. முதல் நாளே ஃபிரீசரில் வைத்து அது கல்லாக உறைந்தால்தான் ஐஸ்கிரீம் வரும். மாப்பிள்ளையின் தாய் உறையவைத்து, ரெஜிபோம் குளிர்ப்பெட்டியில் அடைத்து, ஆனால் வழியில் இரண்டு சொந்தக்கார வீடுகளில் இறங்கித் தேத்தண்ணி குடித்து, அங்கேயும் பெட்டியைத் திறந்து கிண்ணத்தைக் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். பெட்டியிலிருந்து அதைத் தூக்கியபோது உள்ளே சளக்சளக் என்றது. ஐஸ் பக்கட் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் விளங்காதா. உறையாத பக்கட்டைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் அதே சத்தம்தான்.

“கொஞ்சம் இளகிட்டுது போல. சாப்பாடு முடியிற வரைக்கும் உங்கட பிரிட்ஜில வைப்பம்” என்று எழும்பினார். எழும்பியவர் கேட்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. நேரே போய் டியூபைக் கழற்றிக் கதவைத் திறந்தார்.

உள்ளே இடமில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. உம்மா இரண்டு இரவு கண்விழித்து ஃபிரீசர் தட்டு நிறையப் பக்கட் அடுக்கியிருந்தார். வருடத்தில் ஒரு நாள் வருகிற பெரிய விற்பனை அது.

“இதுதான் அந்தப் பக்கட்டா” என்றார் மாப்பிள்ளையின் தாய். “இத வெளியில எடுங்க. இனி இது என்னத்துக்கு? நாளைக்கு எங்கட மகன் வந்து இருக்கப்போற ஊடு. மாமியார் கேட்டுல நிண்டு ஐஸ் வித்தா அவருக்கு நல்லாவா இரிக்கும்? இத விட்டாத்தான் இந்தப் பேச்ச நாங்க முடிவாக்கலாம்.”

நான் உம்மாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். உம்மா சிரித்தார்.

“ஓம், அது சரிதான். சும்மா பொழுதுபோகச் செஞ்சது” என்றார். வாளி ஒன்றைக் கொண்டுவந்து, பக்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் போட்டார். பொழுதுபோகச் செய்த சாமானை யாரும் அத்தனை கவனமாக எடுத்துவைப்பதில்லை. கடைசிப் பக்கட்டும் வெளியே வந்த பிறகு கிண்ணம் உள்ளே போனது.

சோறு தின்று முடிய எவ்வளவு நேரம் எடுக்கும். அதற்குள் எந்தக் கிண்ணம் உறையும். எனக்குத் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு மெசினை ஹோல் மேசையில் வைத்து, முட்டையும் டின்பாலும் வெனிலாவும் கலந்து கொண்டுவந்ததை ஊற்றி, சுவிட்சைப் போட்டார்கள். மெசின் சுற்றியது. எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். செத்த வீட்டில் மையத்தைப் பார்க்கக்கூட எங்கள் தெருவில் இவ்வளவு ஆர்வமாக நிற்க மாட்டார்கள். சுற்றிச் சுற்றி, கடைசியில் வந்தது குளிர்ந்த கஞ்சி. அதை அகப்பையால் அள்ளிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே “இதுதான் வெளிநாட்டுப் பதம்” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

மாமா கோப்பையைத் தூக்கிக் குடித்தார். குடித்துவிட்டு, இப்படி ஒரு ஐஸ்கிரீமைத் தன் வாழ்நாளில் தின்றதில்லை என்றார். தின்றதில்லை என்பது உண்மைதான், இப்போதும் அவர் தின்னவில்லை. வாப்பா பெருநாள் சேர்ட்டின் கையை இழுத்து இழுத்துவிட்டபடி, நல்ல இனிப்பு என்றார். கூட வந்த பெண்களும் புகழ்ந்தார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் ஒரு கஞ்சிக்கு முன்னால் இப்படிப் பயந்து நிற்கிறார்களே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. சுவரோரம் வாளியில் பக்கட்டுகள் வியர்த்துத் தொய்ந்துகொண்டிருந்தன. உம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய் மஹர் பேச்சை எடுத்தார். எங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹரை ஆண்கள் இருந்து பேசி முடிப்பார்கள். பெண்ணுக்கு அது பிறகுதான் தெரியவரும். அன்று அவருக்கு எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

“மார்க்கப்படி மஹர் பொண்ணுட உரிம. நாங்க மார்க்கத்த விட்டுட்டு நடக்கிற ஆக்கள் இல்ல. புள்ள அவட வாயால கேக்கட்டும். என்ன கேட்டாலும் தருவம். கேளுங்க மகள்.”

நான் தலையைக் குனிந்து, உங்கள் விருப்பம் என்று சொல்லவேண்டும். அதை மாமா முந்தின நாளே எனக்குப் பாடமாக்கியிருந்தார். நான் தலையைக் குனியவில்லை.

“இந்த மெசினத் தாங்க. அந்தக் கிண்ணத்தோட” என்றேன்.

மாமா சிரித்தார். “பகிடிக்குச் சொல்றா.”

“பகிடி இல்ல மாமா. கேக்கச் சொன்னாங்க, கேட்டிருக்கன்.”

மாப்பிள்ளையின் தாயின் கை தானாகப் போய் மெசினைத் தொட்டது. “இது மூத்தவன் எனக்கெண்டு அனுப்பின சாமான் மகள். புதுசா ஒண்டு எடுத்துத் தாறமே.”

“புதுசு வேணாம். இதுதான் வேணும்.”

அப்போதுதான் மாப்பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்.

“நீங்கதானே கேக்கச் சொன்னீங்க உம்மா” என்றார் தன் தாயிடம். சொல்லிவிட்டு மறுபடியும் தரையைப் பார்த்தார்.

பேச்சு முடிவாகாமலே அவர்கள் எழும்பினார்கள். மெசின் வந்த மாதிரியே மடியில் ஏறிப் போனது. வேன் திரும்பியதும் உம்மா என்னிடம் வந்தார். நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

“இந்தப் பக்கட்ட நான் வித்ததே உன்னக் கட்டிக்குடுக்கத்தான்” என்றார் உம்மா. “பக்கட்டுக்காக அந்தப் பேச்ச உடைச்சியே. ஆரு கேட்டது உன்ன? நான் கேட்டனா?”

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தொய்ந்த பக்கட்டுகளை வாளியிலிருந்து எடுத்து ஃபிரீசரில் மறுபடி அடுக்கினார். விடியுமட்டும் அவை சரியாக உறையவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உம்மா காசைத் திருப்பிக் கொடுத்ததை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அழுகை வந்தது. அந்தச் சிவப்பு மெசினைக் கடலில் தூக்கிப்போட வேண்டும்போல் இருந்தது.

கற்பிட்டியிலிருந்து பதில் வந்தது. சம்மதமாம். பெருந்தன்மையால் அல்ல. வேனில் வந்த பெண்கள் கதையை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். கேட்டதைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் பள்ளிவாசலில் தலைகாட்ட முடியாது. பக்கட் விற்பதை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லியனுப்பினார்கள். நிறுத்தியாகிவிட்டது என்று உம்மா பதில் அனுப்பினார். நிக்காஹ்வில் மஹரை வாசித்தபோது, ‘ஐஸ்கிரீம் கிண்ணம் உட்பட’ என்ற இடத்தில் ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பியதாக வாப்பா சொன்னார். மாப்பிள்ளை சிரிக்கவில்லையாம். செத்தவருக்குக் கத்தம் ஓதி முடித்த மாதிரி முகத்தோடு மாமி, இனி அவர் மாமிதானே, மெசினை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

உம்மா சொன்ன சொல்லைக் காத்தார். கேட் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் வந்து தட்டிவிட்டுப் போனார்கள். பிரிட்ஜில் ஒரு கத்தரிக்காயும் தண்ணீர்ப் போத்தலும் கிடந்தன. வேலை இல்லாத உம்மா, கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினார். மழைக்காலம் தொடங்கி வாப்பாவும் வீட்டில் இருந்தார். என் நேர்சரிச் சம்பளத்தைப் பார்த்து மெசினே சிரித்திருக்கும்.

ஒரு விடியலில் எனக்குப் பொறுக்கவில்லை. மெசினின் மா அடிக்கிற கிண்ணத்தில் பால்மாவையும் சீனியையும் சோளமாவையும் பச்சைத் தண்ணீரையும் ஒன்றாகக் கொட்டிச் சுவிட்சைப் போட்டேன். சத்தம் கேட்டு உம்மா வந்தார். வந்து கிண்ணத்துக்குள் பார்த்தார்.

“சோளமாவப் பச்சையாவா போட்ட? கூழ் காய்ச்சத் தெரியாம இவ்வளவு காலமும் என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?” என்றார். என்னைத் தோளால் தள்ளிவிட்டு, கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கல்யாணப் பேச்சு நாளுக்குப் பிறகு என்னை அவர் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் அவ்வளவு சந்தோசப்பட்டேன்.

அன்றைக்குக் கூழைக் கட்டி இல்லாமல் மெசின் அடித்துக் கொடுத்தது. அது பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை. என் கணவர் பைகளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஐஸ்கிரீம் கிண்ணத்துக்கும் அவர்தான் ஒரு வேலை கண்டுபிடித்தார். மருந்துக் கடையில் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைப்பார்கள் அல்லவா, அதேபோல் இதையும் உறையவைத்து, அதற்குள் பக்கட்டுகளை நிறுத்திக் கேட்டில் வைத்தால் வெயிலுக்கு உருகாது என்றார். உண்மைதான். பெண் பார்க்க வந்த அன்று ஒழுங்காக ஒரு ஐஸ்கிரீம் செய்யத் தெரியாத கிண்ணம், பக்கட் காவலுக்கு நன்றாக நின்றது. மட்டை கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்டுக்குப் போனது.

மாமி ஒரு பகல் வேளையில் வந்தார். நல்ல வெயில். கேட்டடியில் முக்காலியில் அவருடைய கிண்ணம், அதற்குள் ரோஸ் பக்கட்டுகள், சுற்றிப் பிள்ளைகள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சி, உள்ளே வாருங்கள் என்று உம்மா சம்பந்தியை முறைசொல்லிக் கூப்பிட்டார். வரவில்லை. உம்மா ஒரு பக்கட்டை எடுத்து, துடைத்து, அவரிடம் நீட்டினார்.

மாமி அதை வாங்கினார். வாங்கிவிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். சம்பந்தி வீட்டில் காசு நீட்டுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று அந்தப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உம்மா பதறுவார், வேண்டாம் என்பார், அன்றைக்கு மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

உம்மா நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“கொஞ்சம் நில்லுங்க மச்சி” என்றார், “மிச்சக் காசு தாறன்.”